மூவரும் நான்காமவரும்

பழைய வீட்டுச் சுவரை உற்றுப் பார்த்ததுண்டா, தோழர்களே?

மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மூலையிலே பொருக்கு உதிர்ந்து நிற்கும் சுவர். மேலே வெள்ளை. வெள்ளை உரிந்த இடத்திலே நீலம். நீலமும் உரிந்த இடத்திலே காவி. மகன் திருமணத்துக்கு அடித்த வெள்ளை! மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அடித்த நீலம்! பாட்டன் வாழ்ந்த நாளிலே அடித்த காவி! அடித்தவன் போய்விட்டான், அடிக்கச் சொன்னவனும் போய்விட்டான். சுவர் மட்டும் எதையும் மறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனையையும் மார்போடு அணைத்துக் கொண்டு நிற்கிறது.

மனிதனின் நினைவும் அத்தகைய சுவர்தான். நேற்றுக் கண்டதன்மீது இன்று கண்டது படிகிறது. இன்று கண்டதன்மீது நாளைய துயரம் படிகிறது. எது அடியிலே கிடக்கிறது, எது மேலே மின்னுகிறது என்று பிரித்துக் காண்பதற்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தருவதுதான் கலையின் வேலை.

இந்த உண்மையை எடுத்துக் காட்டிய கண்காட்சி ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரிலே, மண்ணிலிருந்து மூன்று அலைகள் எழுந்தாற்போல ஒரு கட்டடம் நிற்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தது; 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; பால் கிளே என்ற ஓவியரின் பெயர் தாங்கியது. அவருடைய படைப்புகளில் ஏறத்தாழ நாலாயிரம் அங்கே இருக்கின்றன. அந்தக் கூடத்திலே 2014-ஆம் ஆண்டு மூன்று நண்பர்களின் படங்களை ஒருசேர மாட்டினார்கள். பால் கிளே, ஆகஸ்ட் மாக்கே, லூயி மொலியே! சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1914 ஏப்ரலில், மூவரும் சேர்ந்து சென்ற துனிசியப் பயணத்தின் நினைவுகள்தான் அந்தப் படங்கள். உலகின் பல மூலைகளிலே சிதறிக் கிடந்தவை, ஒரு கூரையின்கீழ் மீண்டும் கூடின.

மூவரும் கூடவில்லை. படங்கள் கூடின!

யார் இந்த மூவர்?

கிளே, பெர்ன் அருகே பிறந்தவர். தந்தை ஜெர்மானியர், இசை ஆசிரியர். மகனும் வயலின் வாசிப்பதிலே வல்லவர். மொலியே, கிளேயின் பள்ளித் தோழர். மாக்கே, ஜெர்மன் இளைஞர்; மூவரிலும் இளையவர்; வயது 27. கிளேக்கு அப்போது 34. பணக்கார வீட்டுப் பிள்ளையல்ல அவர். மனைவி பியானோ கற்றுக் கொடுத்துச் சம்பாதிப்பார்; கணவர் வீட்டிலே சமைப்பார், குழந்தையைப் பார்த்துக் கொள்வார், இடையிலே படம் வரைவார். பயணச் செலவுக்குப் பணம்? பெர்ன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர், திரும்பி வந்ததும் படங்களாகத் தந்துவிடு என்ற பேச்சின்பேரில் கொடுத்தார்! வரையாத படத்துக்கு முன்பணம்! கலைஞன் வாழ்வு எந்த நாட்டிலும் கடனிலேதான் தொடங்குகிறது போலும்!

ஏப்ரல் 6. மார்செய்ல் துறைமுகத்திலே கப்பல் ஏறினார்கள். மறுநாள் துனிஸ். அந்நகரில் வாழ்ந்த சுவிஸ் மருத்துவர் ஒருவர் அவர்களை வரவேற்றார். வெள்ளைச் சுவர்கள், நீலக் கதவுகள், குவிமாடங்கள், குதித்து விளையாடும் வெயில்! துனிஸ் தெருக்களிலே நடந்தார்கள். சிடி பூ சைத் குன்றிலே ஏறினார்கள். ஹம்மாமெத் கடற்கரையிலே நின்றார்கள். ஏழாம் நூற்றாண்டிலே எழுந்த கைரவான் நகரத்தின் வாயிலிலே போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூரிகையை எடுத்தார்கள்.

அதுவரையில் கிளே பெரும்பாலும் கோட்டோவியர். கறுப்பும் வெள்ளையும் அவர் உலகம். வண்ணத்தைக் கண்டால் தயக்கம். அந்தத் தயக்கத்தைக் கைரவானின் மாலைப்பொழுது உடைத்தெறிந்தது. வண்ணம் தம்மை ஆட்கொண்டுவிட்டது, தாம் ஓவியனாகிவிட்டோம் என்ற கருத்தை அவர் தம் நாட்குறிப்பிலே பொறித்து வைத்தார். மனம் நிரம்பிவிட்டது, இனி வீட்டுக்குப் போய் வேலை செய்ய வேண்டும் என்று, மற்ற இருவருக்கும் முன்னதாகவே, ஏப்ரல் 19-ஆம் நாள் புறப்பட்டும் விட்டார்.

இரண்டு வாரம்கூட இல்லை! பன்னிரண்டு நாள் பயணம், ஒரு மனிதனின் எஞ்சிய இருபத்தாறு ஆண்டு வாழ்வுக்கும் வண்ணம் வார்த்தது!

இங்கேதான் நான் முதலிலே சொன்ன சுவர் வருகிறது.

கண்டதைக் கண்டபடி எழுதிய படங்கள் ஒரு பக்கம். ஈரக் காகிதத்திலே ஒரு சதுரம் மஞ்சள். அது காய்வதற்குள் அதன் ஓரத்திலே ஒரு சதுரம் ரோஜா நிறம். காய்ந்தபின் அதன்மேலே மெல்லிய நீலம். அடியிலே உள்ள நிறம் மேலே உள்ள நிறத்தின் ஊடாக எட்டிப் பார்க்கும். நீர்வண்ணத்தின் இயல்பே அது: எதையும் முழுதாக மறைக்காது. மாக்கே அந்த வித்தையிலே மன்னன். மதில் ஒரு கட்டம், நிழல் ஒரு கட்டம், கழுதை ஒரு கட்டம், காப்பிக் கடையின் கூடாரம் ஒரு கட்டம் என்று வெயிலையே வெட்டி வைத்து விடுவார். ஊர் திரும்பியபின் அந்த நீர்வண்ணங்களை எதிரே வைத்துக் கொண்டு எண்ணெய் வண்ணத்திலே "துருக்கியக் காப்பிக் கடை"யைத் தீட்டினார். கண் பார்த்தது முதல் அடுக்கு. கை வரைந்தது இரண்டாவது. வீட்டுக்கு வந்தபின் மனம் திரும்பிப் பார்த்தது மூன்றாவது.

கிளே இன்னும் ஒரு படி மேலே போனார். முடித்த படத்தையே கத்தரிக்கோலால் வெட்டுவார். வெட்டிய துண்டை இன்னொரு துண்டோடு ஒட்டுவார். துணியின்மீது சுண்ணம் பூசுவார், அதன்மேலே வண்ணம் ஏற்றுவார், சுரண்டுவார், மறுபடியும் பூசுவார். 1914-லேயே அவர் தீட்டிய படம் ஒன்றின் பெயர் "நினைவுக் கம்பளம்". அழுக்கேறிய மஞ்சள் தரை. அதிலே மங்கலான சதுரங்கள், வட்டங்கள், சிலுவைக் குறிகள். பல கால்கள் மிதித்துத் தேய்ந்த பழங்கம்பளம் போன்ற தோற்றம். மசூதி எங்கே, ஒட்டகம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஊர் போய்விட்டது; ஊர் விட்டுச் சென்ற தடம் மட்டும் தங்கியிருக்கிறது. நாட்குறிப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. பின்னாளிலே அதைத் திருத்தி, செப்பனிட்டு, மறுபடி எழுதினார். நினைவின்மீது நினைவைப் பூசினார்!

இது ஏமாற்றா? இல்லை. நீங்களும் நானும் செய்யாததா? பத்தாண்டுக்கு முன்பு போன ஊரைப் பற்றிப் பேசும்போது, அன்று பெய்த மழையையும், பின்பு ஒரு நாள் பெய்த மழையையும் ஒன்றாகச் சேர்த்துத்தானே பேசுகிறோம்? கலைஞன் அதை ஒளிக்காமல் செய்கிறான். அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தக் கண்காட்சிக் கதையை இத்தோடு முடித்துவிட்டால் இனிக்கும். ஆனால், முடிக்க முடியாது. வரலாறு தன் தூரிகையோடு காத்திருந்தது. அதன் கிண்ணத்திலே இருந்த நிறம் ஒன்றே ஒன்று. சிவப்பு!

1914 ஆகஸ்ட். பேரரசுகள் மோதின. மாக்கேயைப் படையிலே சேர்த்தார்கள். போர் தொடங்கிய அந்த நாட்களிலே அவர் தீட்டிய கடைசி ஓவியம் "பிரிவு". துனிசிய வெயிலின் சாயல்கூட அதிலே இல்லை. இருண்ட தெரு, முகமில்லா மனிதர்கள், கூட்டமாக நின்றும் தனித்தனியே நிற்பவர்கள். செப்டம்பர் 26-ஆம் நாள், பிரான்சிலே, ஷம்பாஞ் போர்முனையிலே மாக்கே மாண்டார். 27 வயது! துனிஸ் வெயிலிலே நின்று சிரித்த மனிதர், ஐந்தே மாதத்திலே மண்ணுக்கடியிலே! அவருக்காகக் கண்ணீர் எழுத்து எழுதிய நண்பர் ஃபிரான்ஸ் மார்க், நீலக் குதிரைகளைத் தீட்டிய நிகரற்ற ஓவியர், 1916 மார்ச் 4-ஆம் நாள் வெர்துன் களத்திலே வீழ்ந்தார். அடுத்த ஒரு வாரத்திலே கிளேயையும் படைக்கு அழைத்தார்கள்.

கிளேக்குத் தந்த வேலை என்ன தெரியுமா? விமானங்களுக்கு வண்ணம் பூசுவது! வெயிலைத் தீட்டிய கை, குண்டு போடும் பறவைக்குச் சாயம் பூசிற்று! ஆயினும் அந்தக் கை தன் தொழிலை மறக்கவில்லை. விமானச் சிறகுகளைப் போர்த்தும் துணியிலே கிழிந்த துண்டுகளை எடுத்து வந்து, அவற்றின்மீது சுண்ணம் பூசிப் படம் தீட்டினார். கொல்ல வந்த துணி, கொலுவிருக்கும் ஓவியமாயிற்று! சில படங்களை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க முடியுமானால், மேலே வண்ணத் தோட்டம், அதன்கீழே சுண்ணம், அதற்கும் கீழே போர்!

போர் முடிந்தது. கொடுமை முடியவில்லை. 1933-இல் ஹிட்லர் கோலோச்ச வந்தான். டுசல்டார்ஃப் கலைக்கூடத்திலே பேராசிரியராக இருந்த கிளே வேலையிலிருந்து விரட்டப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் பெர்ன் திரும்பினார். 1937 ஜூலையிலே மியூனிக் நகரிலே நாஜிகளும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஆம், அதுவும் பலர் படங்களை ஒன்றாக மாட்டிய கண்காட்சிதான்! "சீரழிந்த கலை" என்று அதற்குப் பெயர். போற்றுவதற்காக அல்ல, காறி உமிழ்வதற்காக மாட்டினார்கள். கோணலாகத் தொங்கவிட்டு, பக்கத்திலே கேலி வாசகம் எழுதி, வாருங்கள், பாருங்கள், சிரியுங்கள் என்றார்கள். கிளேயின் படங்கள் பதினேழு அதிலே இருந்தன. பொதுக் காட்சிச் சாலைகளிலிருந்து அவருடைய படங்கள் நூற்றுக்குமேல் பறிக்கப்பட்டன. போரிலே நாட்டுக்காக உயிர்விட்டவரின் படத்தையா இழிவுபடுத்துவது என்று முன்னாள் படை அதிகாரிகள் முறையிட்டபின், மார்க்கின் நீலக் குதிரைகளை மட்டும் கழற்றினார்கள். உயிரைக் கொடுத்தால் ஒரு படத்துக்கு மன்னிப்பு! அந்தப் படமும் பின்பு காணாமற் போயிற்று.

ஏன் இந்த வெறி? ஒரு சதுரம் மஞ்சள், ஒரு சதுரம் நீலம். அது ஆட்சிக்கு என்ன செய்துவிடும்?

செய்யும், தோழர்களே, செய்யும்! சர்வாதிகாரிக்கு வேண்டியது ஒரே நிறம். சுவருக்கு ஒரே ஒரு பூச்சு. அதன்கீழே எதுவும் தெரியக் கூடாது. பழைய நினைவு எட்டிப் பார்க்கக் கூடாது. பிறநாட்டு வெயில் கசியக் கூடாது. அடுக்கடுக்காக நினைவைக் காட்டுகிறவன், அவன் பூசிய பூச்சைச் சுரண்டிக் காட்டுகிறவன். அதனால்தான் அஞ்சினான்!

கலைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. மூவர் கப்பலேறியது அரசியலுக்காக அல்ல, வண்ணத்துக்காக. ஆனால் அரசியல் ஒருவரைக் களத்திலே கொன்றது; இன்னொருவரை நாட்டைவிட்டே துரத்தியது. தோலை இறுகச் செய்யும் கொடிய நோயோடு போராடிக் கொண்டே, 1939-ஆம் ஆண்டிலே மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை ஆக்கிய கிளே, 1940 ஜூன் 29-ஆம் நாள் கண் மூடினார். பிறந்த மண்ணான சுவிட்சர்லாந்து அவருக்குக் குடியுரிமை தருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மொலியே மட்டும் 1962 வரை வாழ்ந்தார். லூசர்ன் நகரத் தேவாலயத்துக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அமைத்தார். கைரவானிலே கண்ட வெயில், கண்ணாடி வழியே பெய்தது!

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்னும் ஒரு அடுக்கு மீதி இருக்கிறது. அடியிலும் அடியிலே கிடக்கும் அடுக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதிச் சுவர்.

மூவர் சென்றது யாருடைய நாட்டுக்கு?

1881 மே மாதத்திலே பர்தோ உடன்படிக்கை என்ற ஒரு தாளிலே கையெழுத்து வாங்கிக்கொண்டு, துனிசியாவைப் பிரான்சு தன் பிடியிலே வைத்திருந்தது. "பாதுகாப்பு" என்று அதற்குப் பெயர்! ஆட்டுக்கு ஓநாய் அளிக்கும் பாதுகாப்பு! மூவரும் வந்திறங்கியதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பு, 1911 நவம்பரில், துனிஸ் நகரத்து ஜெல்லாஸ் அடக்கத்தலத்தை அளந்து பதிவு செய்ய நகராட்சி முனைந்தது. எங்கள் முன்னோர் உறங்கும் இடத்தில் உனக்கென்ன வேலை என்று மக்கள் திரண்டார்கள். துப்பாக்கிகள் பேசின. உயிர்கள் சாய்ந்தன. 1912-இல் டிராம் வண்டி மோதி ஒரு குழந்தை மாண்டது. மக்கள் டிராமிலே ஏற மறுத்தார்கள். துனிசியத் தொழிலாளிக்கும் ஐரோப்பியத் தொழிலாளிக்கும் சம கூலி கொடு என்றார்கள். பதில்? தலைவர்களை நாடு கடத்தினார்கள். நாட்டின்மீது போட்ட நெருக்கடிநிலை 1914-லும் நீங்கவில்லை.

அந்தத் தெருக்களைத்தான் மூவரும் தீட்டினார்கள். வெள்ளைச் சுவர் இருக்கிறது. சுவருக்குள் அடங்கிய முணுமுணுப்பு இல்லை. காப்பிக் கடை இருக்கிறது. கடையிலே தாழ்ந்த குரலில் பேசப்பட்ட பேச்சு இல்லை.

கைரவானிலே எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. பார்பர் மசூதி என்று வழங்கும் இடத்தின் எதிரே கிளே நிற்கிறார், மாக்கே நிற்கிறார், அவர்களோடு அவ்வூர் மனிதர் ஒருவரும் நிற்கிறார். படத்தின்கீழே கிளேக்குப் பெயர் உண்டு. மாக்கேக்குப் பெயர் உண்டு. மூன்றாவது மனிதருக்கு? "வழிகாட்டி"! மூவர் கூட்டத்திலே நான்காமவராகச் சேர்ந்தவர். எந்தச் சந்திலே நிழல் விழும், எந்த மேட்டிலே ஏறினால் குவிமாடம் தெரியும் என்பதை அறிந்தவர். வழியைக் காட்டியவர் அவர். வரலாற்றிலே வழி விடப்படாதவரும் அவரே!

கைரவான் கம்பளத்துக்குப் பெயர்போன ஊர். முடிச்சு முடிச்சாக, சதுரம் சதுரமாக வண்ணத்தை அடுக்கும் கைகள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. கிளே தம் படத்துக்குக் "கம்பளம்" என்று பெயரிட்டாரே, அந்த ஒரு சொல்லிலே கடன் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நெய்தவள் பெயர் இல்லை. நெசவின் பெயராவது நிற்கிறது. அதற்காக அந்த ஓவியரைப் பாராட்டுகிறேன்.

ஓவியர்களைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்ற நான் எழுதவில்லை. அடக்கி ஆண்டவர்கள் அவர்களல்ல. அந்த நாட்டின் ஒளியை மதித்தார்கள். அதன்முன் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். சுரண்ட வந்தவன் கணக்கேட்டோடு வந்தான்; இவர்கள் காகிதத்தோடு வந்தார்கள். அந்த வேறுபாடு சிறிதல்ல. ஆனால், மாணவன் ஆசானின் பெயரைச் சொல்ல வேண்டாமா?

கொடுமையின் உச்சத்தைக் கேளுங்கள். மாக்கே ஜெர்மன் படையிலே நின்று மாண்ட அதே போருக்கு, துனிசிய இளைஞர்களைப் பிரான்சு தன் படையிலே சேர்த்துக் கப்பலேற்றியது. வெயில் ஊரிலே பிறந்தவர்கள் பிரான்சின் குளிரிலும் சேற்றிலும் நிறுத்தப்பட்டார்கள். யாருடைய நாட்டைக் காக்க? தம் நாட்டைப் பறித்தவன் நாட்டைக் காக்க! ஏப்ரலிலே ஓவியனும் ஊர்க்காரனும் ஒரே நிழலிலே நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒருவன் நாட்டானும் மற்றவன் நாட்டானும் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளிலே! இருவருக்கும் இடையே பகை மூட்டியது யார்? ஓவியனா? வழிகாட்டியா? பேரரசுகளல்லவா!

துனிசியா 1956 மார்ச் 20-ஆம் நாள் விடுதலை பெற்றது. ஜெல்லாஸில் சிந்திய இரத்தம் வீண்போகவில்லை. இன்று அந்த நீல வெள்ளைத் தெருக்கள் தம் மக்களின் தெருக்கள்.

ஆகவே, நினைவுகளை அடுக்கிக் காட்டும் கண்காட்சியை எங்கே கண்டாலும் நின்று பாருங்கள். பெர்னிலே ஆனாலும் சரி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலே ஆனாலும் சரி. பயணம் போய் வந்தவர் தீட்டிய படமென்றால், மேலே மின்னும் வண்ணத்தைக் கண்டு மகிழுங்கள். அதற்குரிய பாராட்டைக் கஞ்சத்தனமில்லாமல் கொடுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வெயிலிலே குடியிருந்தவர் யார்? இவருக்கு வழி காட்டியவர் யார்? அவர் பெயர் எந்த அடுக்கிலே இருக்கிறது?

நூறு ஆண்டு கழித்தும் மாக்கேயின் மஞ்சள் மங்கவில்லை. அவரைக் கொன்ற பேரரசு மண்ணாயிற்று. கிளேயைக் கேலி செய்தவர்கள் கூண்டோடு ஒழிந்தார்கள். கேலி செய்யப்பட்ட படங்களைக் காண உலகம் வரிசையிலே நிற்கிறது. வண்ணம் வென்றுவிட்டது!

அந்த வெற்றியிலே பங்கு கொள்ள வேண்டிய ஒருவர், மசூதி வாசலிலே இன்னும் பெயரில்லாமல் நிற்கிறார். மூவரை வாழ்த்துவோம். நான்காமவரை மறவோம்!